5 அடி 6 அங்குலம்: 1914-இல் பிரிட்டன் ராணுவத்துக்கு ஆள் எடுத்த கதை

[திரையில்: லண்டன், 1914 செப்டம்பர். ஆள்சேர்ப்பு நிலைய வாசலில் நீண்ட வரிசை]

முதல் உலகப்போர் தொடங்கியபோது பிரிட்டனில் கட்டாய ராணுவச் சேவை கிடையாது. ஆகஸ்ட் 7 அன்று போர் அமைச்சர் கிச்சனர் ஒரு லட்சம் பேர் வேண்டும் என்றார். செப்டம்பர் 3 அன்று ஒரே நாளில் 33,000 பேருக்கு மேல் சேர்ந்தார்கள்.

[திரையில்: சட்டையில்லாமல் நிற்கும் இளைஞர்கள், அளவு நாடா]

இவர்களைப் பரிசோதித்தவர்களில் பலர் ஊர் டாக்டர்கள்தான். தலைக்கு இவ்வளவு என்று கட்டணம். உயரம் 5 அடி 3 அங்குலம், மார்பு 34 அங்குலம் இருக்க வேண்டும். கண், பல், இதயம் பார்ப்பார்கள், இருமச் சொல்லிக் குடலிறக்கம் பார்ப்பார்கள். வரிசை நீளமாக இருந்தால் இதெல்லாம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். வயதுக்குச் சான்று கேட்பதில்லை. வாயால் பத்தொன்பது என்று சொன்னால் போதும். பதினைந்து, பதினாறு வயதுப் பையன்கள் உள்ளே போனது இப்படித்தான்.

[திரையில்: கூடாரங்கள், நீல நிற உடையில் அணிவகுப்பு]

சரி, சேர்ந்தாயிற்று. அப்புறம்? முகாமில் படுக்க இடமில்லை, போர்வை பற்றவில்லை. காக்கித் துணி கிடைக்காததால் தபால் துறைக்கென வைத்திருந்த நீலத் துணியில் உடை தைத்துக் கொடுத்தார்கள். போட்டுக்கொண்டவர்களுக்கு அதில் ஏக எரிச்சல். துப்பாக்கிக்குப் பதில் மரக்கட்டையைத் தோளில் வைத்துப் பயிற்சி. டைபாய்டு ஊசி போட்ட மறுநாள் கை வீங்கி, காய்ச்சலோடு படுத்தவர்களும் உண்டு. ஆனால் அந்த ஊசி அவசியமானது. அதற்கு முன் தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரில் டைபாய்டுக்கு மட்டுமே சுமார் 8,000 பிரிட்டிஷ் வீரர்கள் பலியாகியிருந்தார்கள்.

[திரையில்: சுவரில் உயரக் கோடு மேலே ஏறி, மெல்லக் கீழே இறங்குகிறது]

இந்த நெரிசலைக் குறைக்க அரசு கண்டுபிடித்த வழியைப் பாருங்கள். செப்டம்பர் 11 அன்று குறைந்தபட்ச உயரத்தை 5 அடி 6 அங்குலமாக உயர்த்திவிட்டது! முந்தின நாள் தகுதியாக இருந்தவன் மறுநாள் குள்ளனாகிவிட்டான். வரத்து குறைந்ததும் அக்டோபரில் 5 அடி 4, நவம்பரில் மறுபடி 5 அடி 3. ஆக, அந்த நாடா அளந்தது ஆளின் பலத்தையா, ராணுவத்தின் தேவையையா? எனக்கு இரண்டாவதுதான் என்று தோன்றுகிறது.

அந்த நவம்பரிலேயே பிர்கன்ஹெட் நகரில், நாடாளுமன்ற உறுப்பினர் ஆல்ஃபிரட் பிக்லண்ட் முயற்சியில், 5 அடி முதல் 5 அடி 3 வரை உள்ளவர்களுக்கென்றே 'பான்டம்' படைப்பிரிவுகள் உருவாயின. உருவத்தில் சிறிய, சண்டைக்குச் சளைக்காத சேவல் வகை ஒன்றின் பெயர் அது. வந்தவர்களில் சுரங்கத் தொழிலாளிகளும் இருந்தார்கள். குனிந்து நிலக்கரி வெட்டிப் பழகிய ஆட்களை உயரம் போதாது என்று திருப்பியனுப்பியிருந்தார்கள்!

[திரையில்: 1916, கட்டாயச் சேவைச் சட்டம்]

1916-இல் கட்டாயச் சேவை வந்தது. போரின் கடைசி ஓராண்டில் பரிசோதனை ஒழுங்குக்கு வந்து, 24 லட்சம் பரிசோதனைகள் நடந்தன. முழுத் தகுதியோடு முதல் தரத்தில் தேறியவர்கள் 36 சதவீதம். ஆரோக்கியமானவர்களில் நிறையப் பேர் முன்பே போர்முனைக்குப் போய்விட்டதும் அதற்கு ஒரு காரணம்.