டென்ஷன் என்கிறீர்களே, அது மன அழுத்தமா, பதற்றமா?

[திரையில் ஒரே சொல்: டென்ஷன்]

வேலை குவிந்தாலும் டென்ஷன், காரணமே இல்லாமல் நெஞ்சு படபடத்தாலும் டென்ஷன். நம் பேச்சில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான். உடம்பும் இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்லை. அட்ரினலின் சுரக்கும், இதயம் வேகமெடுக்கும், தோள் இறுகும், தூக்கம் கெடும். அறிகுறியை மட்டும் வைத்துப் பிரிக்கப் போனால் குழப்பம்தான் மிஞ்சும். (மனச்சோர்வையும் சிலர் 'மன அழுத்தம்' என்றே எழுதுகிறார்கள். அது வேறு, இந்த வீடியோவில் வராது.)

கேட்க வேண்டியது இதைத்தான்: காரணம் தீர்ந்ததும் உடம்பு அடங்குகிறதா?

தேர்வு முடிந்து ஓரிரு நாளில் தூக்கம் திரும்பிவிட்டால் அது அழுத்தம். தேறிய பிறகும் "அடுத்ததில் கோட்டைவிட்டால்?" என்று மனம் புதுக் காரணம் தேடினால் அது பதற்றம். அழுத்தம் மாதக்கணக்கில் நீடித்தால் பதற்றமாக மாறவும் செய்யும்.

[திரையில்: படிக்கட்டு]

பிரித்துப் பார்ப்பது எதற்கு? கையாளும் வழி வேறு. அழுத்தத்துக்குச் சுமையைக் குறைக்க வேண்டும்: கெடுவைத் தள்ளலாம், வேலையைப் பகிரலாம், ஓய்வெடுக்கலாம். பதற்றத்துக்கும் இதையே செய்வதுதான் பலர் சறுக்கும் இடம். கூட்டத்தில் பேசப் பயந்து லீவு போட்டால் உடனே நிம்மதி கிடைக்கும். 'தப்பித்ததால்தான் பிழைத்தோம்' என்று மூளை கற்றுக்கொள்ளும். அடுத்த முறை பயம் இன்னும் பெரிதாக வரும். அதனால் படிப்படியாக எதிர்கொள்ளுங்கள்: முதலில் ஒரே ஒரு கேள்வி கேட்பது, பிறகு 2 நிமிடம் பேசுவது. பயம் உச்சத்தில் இருக்கும்போது எழுந்து போகாதீர்கள். சற்று நேரம் அங்கேயே இருந்து பாருங்கள்.

மூச்சுப் பயிற்சி இரண்டுக்கும் உதவும். 4 விநாடி உள்ளே, 6 விநாடி வெளியே, 5 நிமிடம். வேகவேகமாக ஆழமாக இழுத்தால் ரத்தத்தில் கரியமில வாயு குறையும். தலை சுற்றும், விரல் மரத்துப்போகும், பயம் கூடும். மெதுவாக வெளியே விடுவதுதான் முக்கியம்.

[திரையில்: ஜிஏடி-7]

ஜிஏடி-7 என்பது பதற்றத்தின் அளவைப் பார்க்கும் ஒரு கேள்வித்தாள். கடந்த 2 வாரங்களைப் பற்றிய 7 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரைப் பாருங்கள். இதை மட்டும் வைத்து நோய் என்று முடிவு கட்டிவிட முடியாது. பொதுப் பதற்றக் கோளாறு என்று சொல்ல, 6 மாதமாவது பெரும்பாலான நாட்களில் கவலை அடங்காமல் இருந்திருக்க வேண்டும்.

தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும், காபி கூடினாலும் இதே படபடப்பு வரும். ரத்தப் பரிசோதனையைத் தவிர்க்காதீர்கள். நெஞ்சுவலி கை, தாடைக்குப் பரவினால் மூச்சுப் பயிற்சி செய்து காத்திருக்க வேண்டாம், உடனே அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள்.