லெபனான் 1991: ஒரே மாதத்தில் ஆயுதக் குழுக்களைக் கலைத்த அரசு இப்போது ஏன் திணறுகிறது?

சரி, அடுத்த கேள்வி. நேயர் ஒருவர் கொஞ்சம் கோபமாகவே கேட்டிருக்கிறார். "1991-ல் லெபனான் அரசு ஒரே மாதத்தில் ஆயுதக் குழுக்களைக் கலைத்தது என்று நீங்களே சொன்னீர்கள். இப்போது ஹெஸ்புல்லா அடிபட்டுக் கிடக்கிறது, ராணுவத்தில் எண்பதாயிரம் பேர் அளவில் இருக்கிறார்கள், அப்புறம் எதற்கு இந்தத் தயக்கம்? போய் அதன் ஆயுதங்களை எடுத்துக்கொண்டு வரவேண்டியதுதானே?"

அந்த 'ஒரே மாதம்' என்பதில்தான் விஷயமே இருக்கிறது. தேதிக் கணக்குப்படி நேயர் சொல்வது சரி. 1991 மார்ச் 28 அன்று அமைச்சரவை முடிவெடுத்தது, ஏப்ரல் 30 வரை கெடு கொடுத்தது, பெரும்பாலான குழுக்கள் அந்தக் கெடுவையொட்டிக் கலைந்தும் போயின. இதை மட்டும் கேட்டால் ராணுவம் வாசலில் போய் நின்று மிரட்டி வாங்கியது போல இருக்கும். உண்மையில் நடந்தது ஒரு கொடுக்கல் வாங்கல். துப்பாக்கியைக் கொடுத்தவர்களுக்கு விலை கிடைத்தது. அந்த விலை என்னவென்று பார்த்தால் இன்றைய சிக்கலில் பாதி புரிந்துவிடும்.

1975 ஏப்ரலில் தொடங்கிய உள்நாட்டுப் போர், பதினைந்து வருடம். மரோனைட் கிறிஸ்தவர்களுக்கு லெபனான் படைகள் என்ற அமைப்பு, தலைவர் சமீர் கஜியா. ஷியாக்களில் நபீஹ் பெர்ரியின் அமல் இயக்கம், அதிலிருந்து பிரிந்தவர்களும் ஈரானின் உதவியும் சேர்ந்து உருவான ஹெஸ்புல்லா. மலைப்பகுதியில் துரூஸ் என்ற சிறுபான்மைச் சமூகத்துக்கு வலீத் ஜும்ப்லாத்தின் படை. பாலஸ்தீனக் குழுக்கள் தனி. தெற்கே இஸ்ரேல் வளர்த்த ஒரு படை. இவர்கள் எதிரிகளோடு மட்டும் மோதவில்லை, அமலும் ஹெஸ்புல்லாவும் தங்களுக்குள்ளேயே தெருத்தெருவாகச் சண்டை போட்டார்கள், கிறிஸ்தவர்களும் அப்படியே. 1989 அக்டோபரில் சவுதியில் தாயிஃப் என்ற ஊரில் எம்.பி.க்களை உட்காரவைத்து ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். குழுக்கள் எல்லாம் கலைய வேண்டும் என்பது அதில் ஒரு விதி. அந்த ஒப்பந்தப்படி தேர்வான முதல் ஜனாதிபதி ரெனே முஅவ்வத் பதினேழு நாளில் குண்டு வைத்துக் கொல்லப்பட்டார். நிலைமை அப்படி.

இப்போது விலைக்கு வருவோம். ஆயுதம் வைத்திருந்த தலைவர்களை மந்திரியாக்கினார்கள். பெர்ரி மந்திரியானார், பிறகு 1992-ல் சபாநாயகர் நாற்காலியில் உட்கார்ந்தவர்தான், இன்னும் எழுந்த பாடில்லை. ஜும்ப்லாத்தும் மந்திரி, பின்னால் போரில் இடம்பெயர்ந்தவர்களுக்கான துறையே அவர் கைக்கு வந்தது. மலையிலிருந்து கிறிஸ்தவர்களை விரட்டிய போரில் ஒரு பக்கத்தை நடத்தியவர், அவர்களைத் திரும்பக் குடியமர்த்தும் துறைக்கு மந்திரி, நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை, இது நடந்தது. அடிமட்ட ஆட்கள் ஆயிரக்கணக்கானோருக்கு ராணுவத்திலும் காவல்துறையிலும் அரசு அலுவலகங்களிலும் வேலை. எல்லாவற்றுக்கும் மேலே, அதே ஆண்டு ஆகஸ்டில் பொது மன்னிப்புச் சட்டம். எந்தத் தேதி வரை செய்த குற்றங்களுக்கு மன்னிப்பு தெரியுமா? மார்ச் 28 வரை. குழுக்களைக் கலைக்கச் சொன்ன அதே நாள். சில விதிவிலக்குகள் இருந்தன, ஆனால் பொதுவாகக் கடத்தலுக்கும் கொலைக்கும் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்றாகிவிட்டது.

அப்படியும் கேட்டது கனரக ஆயுதங்களைத்தான், பீரங்கி, டாங்கி மாதிரி. வீட்டில் இருந்த துப்பாக்கியை யாரும் தேடிப் போகவில்லை. பீரங்கிகளிலும் ஒரு பகுதிதான் ராணுவத்துக்கு வந்தது, மீதி சிரியாவுக்கும் வெளிநாட்டுச் சந்தைக்கும் பதுக்கலுக்கும் போனது.

இந்த வியாபாரத்துக்குப் பின்னால் ஒரு தடியும் இருந்தது, அது லெபனான் அரசின் தடி இல்லை, சிரியாவின் தடி. பல்லாயிரம் சிரியப் படையினர் நாட்டுக்குள்ளேயே இருந்தார்கள். ஒப்பந்தத்தை ஏற்காமல் அடம்பிடித்த ஜெனரல் மிஷெல் அவூனை 1990 அக்டோபர் 13 அன்று விமானத் தாக்குதல் நடத்தி ஜனாதிபதி மாளிகையிலிருந்து ஓடவைத்தது அவர்கள்தான். அதைப் பார்த்த மற்றவர்கள் கணக்குப் போட்டுக்கொண்டார்கள். அதே சிரியாதான் ஹெஸ்புல்லாவுக்கு மட்டும் விலக்கு வேண்டும் என்றும் முடிவு செய்தது. தெற்கே இஸ்ரேல் ஆக்கிரமித்திருக்கிறது, அதை எதிர்ப்பவர்கள் குழு ஆகமாட்டார்கள் என்பது சொன்ன காரணம். இஸ்ரேல் வசமிருந்த தன் கோலான் குன்றுகளை மீட்க இஸ்ரேலை உறுத்திக்கொண்டே இருக்க ஒரு முள் வேண்டும் என்பது சொல்லாத காரணம். ஆக 1991-ல் "எல்லா" குழுக்களும் கலைந்தன என்று நான் சொல்லியிருந்தால் அதைப் பெரும்பாலான என்று படித்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயம் பலர் கவனிப்பதில்லை. ஆயுதத்தைக் கொடுத்த கஜியாவுக்கு என்ன ஆனது? சிரியாவோடு ஒத்துப்போகவில்லை, 1994-ல் கைது, கட்சிக்குத் தடை, பாதுகாப்பு அமைச்சகத்தின் நிலவறையில் பதினோரு வருடம். அவர் மீதிருந்த வழக்குகள் சும்மா போட்டவை என்று நான் சொல்லவில்லை, ஆனால் அதே மாதிரி கை கறைபட்ட மற்றவர்கள் மந்திரிசபையில் இருந்தார்களே. துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு, டமாஸ்கஸில் இருக்கும் பெரியவருக்குப் பிடிக்காமல் போனால் கதி என்ன என்பதை அங்கே எல்லாரும் பார்த்தார்கள்.

இனி ராணுவம். எண்பதாயிரம் பேர் என்று எண்ணிக்கை சொல்கிறோம், அந்த எண்பதாயிரம் பேரும் ஷியா, சன்னி, துரூஸ், கிறிஸ்தவர் என்று ஊரிலிருந்து வந்தவர்கள், லீவுக்கு அதே ஊருக்குத்தான் போகிறார்கள். 1976-ல் ஒரு லெப்டினன்ட், அகமது கதீப், தனியாகப் பிரிந்து போனார், சில வாரங்களில் ராணுவமே துண்டு துண்டாகப் போனது. 1984 பிப்ரவரியில் ஷியா பகுதிகள் மீது அரசு பீரங்கி அடித்தது, ஷியாக்கள் அதிகமிருந்த ஆறாவது படைப்பிரிவு அப்படியே அமல் பக்கம் சாய்ந்தது, மேற்கு பெய்ரூட் ஒரே நாளில் கைமாறியது. இந்த இரண்டு கதையும் அந்த நாட்டு அதிகாரிகளுக்கு மனப்பாடம்.

அதனால் எந்தச் சமூகத்தின் பின்பலமும் இல்லாதவர்கள் மீது மட்டும் ராணுவம் முழு மூச்சாக இறங்கும். 2007-ல் நஹர் அல்-பாரித் அகதி முகாமில் ஃபத்ஹ் அல்-இஸ்லாம் என்ற குழுவோடு மூன்று மாதத்துக்கு மேல் சண்டை, 160-க்கும் மேற்பட்ட ராணுவத்தினர் இறந்தார்கள், முகாம் தரைமட்டம். அப்போது ராணுவம் உடையவில்லை. அடுத்த வருடமே மே மாதம் ஹெஸ்புல்லாவின் தனித் தொலைபேசி வலையமைப்பைச் சட்டவிரோதம் என்று அறிவித்து, விமான நிலையப் பாதுகாப்பு அதிகாரியையும் மாற்றுகிறோம் என்று அரசு முடிவெடுத்தது. மே 7 அன்று மோதல் தொடங்கியது, இரண்டு மூன்று நாளில் ஹெஸ்புல்லா மேற்கு பெய்ரூட்டைப் பிடித்தது. ராணுவம் ஓரமாக நின்றது. ஒரு வாரத்தில் அரசு இரண்டு முடிவையும் வாபஸ் வாங்கியது. கத்தாரின் தோஹாவில் சமரசம் ஆனது, ஓரமாக நின்ற ராணுவத் தளபதி மிஷெல் சுலைமான் அதே மாதக் கடைசியில் ஜனாதிபதி ஆனார். 1958-லும் ராணுவத்தைச் சண்டையில் இறக்க மறுத்த தளபதி ஃபுவாத் ஷிஹாப்தான் ஜனாதிபதி. சுடாமல் இருந்தால் பதவி உயர்வு கிடைக்கும் நாட்டில் நேயர் சுடச் சொல்கிறார், நான் என்ன செய்ய!

இப்போது 1991-ல் கொடுத்த விலைக்குத் திரும்ப வருகிறேன், என் பார்வையில் உண்மையான முடிச்சு இதுதான். அன்று விலையாகக் கொடுத்தது அரசாங்கத்தையே. துறைகளைப் பங்கு போட்டார்கள், ஒவ்வொரு தலைவரும் தன் ஆட்களுக்கு வேலை போட்டார், ஒப்பந்தங்களைப் பிரித்துக்கொண்டார், கடன் ஏறியது, 2019-ல் வங்கிகள் மக்கள் பணத்தைத் திருப்பிக் கொடுக்காமல் கதவைச் சாத்தின. ஒரு டாலருக்கு 1,507 லிரா என்றிருந்தது, பிறகு 89,000-ஐத் தாண்டியது. மாதம் 800 டாலர் அளவுக்கு வாங்கிய சிப்பாயின் சம்பளம் 100 டாலருக்கும் கீழே இறங்கியது. 2020-ல் ராணுவ உணவில் இறைச்சியை நிறுத்தினார்கள். 2021-ல் ராணுவ ஹெலிகாப்டரில் சுற்றுலாப் பயணிகளைக் கால் மணி நேரம் ஏற்றிக் காட்டி 150 டாலர் வாங்கினார்கள். அப்புறம் கத்தார் பணம் கொடுத்தது, அமெரிக்கா கொடுத்தது. சிப்பாய்கள் டாக்சி ஓட்டுகிறார்கள், கடையில் வேலை பார்க்கிறார்கள். முதல் சுற்றில் குழுக்களிடமிருந்து ஆயுதத்தைப் பெற எதை விற்றார்களோ, அது இரண்டாம் சுற்றுக்கு வேண்டியிருக்கிறது, அது கையில் இல்லை.

2025 மட்டும் ஏன் வேறு என்று கேட்டால், காரணம் இருக்கிறது. 2024 செப்டம்பரில் ஹெஸ்புல்லா ஆட்கள் கையிலிருந்த பேஜர்கள் வெடித்தன, அதன் தலைவர் நஸ்ரல்லாவை இஸ்ரேல் கொன்றது, டிசம்பரில் சிரியாவில் அசாத் ஆட்சி விழுந்ததில் ஈரானிலிருந்து சிரியா வழியாக ஆயுதம் வந்த பாதை அடைபட்டது. 2025 ஜனவரியில் அப்போதைய ராணுவத் தளபதி ஜோசப் அவூன் ஜனாதிபதி ஆனார், நவாஃப் சலாம் பிரதமராகத் தேர்வானார். ஆகஸ்ட் 5 அன்று, வருடக் கடைசிக்குள் எல்லா ஆயுதமும் அரசிடம் வரத் திட்டம் போடு என்று அமைச்சரவை ராணுவத்திடம் சொன்னது. இது பெரிய விஷயம், முப்பது வருடமாக வாயால் சொல்லக்கூடப் பயந்தது. ஷியா மந்திரிகள் வெளிநடப்பு செய்தார்கள். செப்டம்பர் 5 அன்று ராணுவம் திட்டத்தைக் கொண்டுவந்தது, அமைச்சரவை அதை "வரவேற்றது", காலக்கெடுவை வெளியே சொல்லவில்லை. இதற்கு நடுவே ஆகஸ்ட் 9-ல் தெற்கே ஓர் ஆயுதக் கிடங்கைச் சோதித்தபோது வெடித்து ஆறு சிப்பாய்கள் இறந்தார்கள்.

இன்னொரு பக்கமும் பார்க்க வேண்டும். ஹெஸ்புல்லாவோடு 2024 நவம்பரில் வந்த போர்நிறுத்தத்துக்குப் பிறகும் இஸ்ரேல் தெற்கு லெபனானில் ஐந்து குன்றுகளை விடவில்லை, குண்டு போடுவதையும் நிறுத்தவில்லை. புனரமைப்புக்கு 1,100 கோடி டாலர் வேண்டும் என்று உலக வங்கி கணக்குப் போட்டது. பணம் தர வேண்டியவர்கள் முதலில் ஹெஸ்புல்லாவிடமிருந்து ஆயுதத்தை வாங்கு, பிறகு தருகிறோம் என்கிறார்கள். தெற்கு கிராமத்துக்காரர் முதலில் வீட்டைக் கட்டிக் கொடு, இஸ்ரேலை வெளியே அனுப்பு, பிறகு பேசலாம் என்கிறார். ஹெஸ்புல்லா தலைமை அவர் சொல்வதைத் தனக்குச் சாதகமாகப் பிடித்துக்கொள்கிறது, அதுவும் தெரிந்ததுதான். ஆனால் அவர் கேட்பதில் ஒன்றைக்கூடத் தன் கையால் கொடுக்க பெய்ரூட் அரசால் முடியாது. ஒன்று வாஷிங்டனிலும் வளைகுடாவிலும் இருக்கிறது, மற்றொன்று டெல் அவீவில் இருக்கிறது. நேயரே, எண்பதாயிரம் பேரை அனுப்பலாம்தான், அதில் ஷியா சிப்பாய்களை எந்த ஊருக்கு அனுப்புவீர்கள் என்று மட்டும் யோசித்துப் பாருங்கள். அடுத்த கேள்வி ஈராக் பற்றி இருக்கிறது, அதைப் பார்ப்போம்.