எல்லோரும் உட்கார்ந்து பார்த்த பெட்டி

நடுவர் ஐயா அவர்களே, இரண்டு அணி நண்பர்களே, இந்தக் குளிரிலும் போர்வையைச் சுற்றிக்கொண்டு கோயில் வாசலில் உட்கார்ந்திருக்கும் எங்கள் சனங்களே, எல்லோருக்கும் வணக்கம். எட்டு நிமிடம்தான் தந்திருக்கிறார்கள். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

டிவி பார்க்கும் பழக்கம் நம் தோட்டத்துச் சனங்களைச் சேர்த்ததா, பிரித்ததா? சேர்த்தது என்பது எங்கள் கட்சி. பிள்ளைகள் ஆளுக்கொரு போனோடு மூலைக்கொன்றாகக் கிடக்கிறார்கள் என்று எதிரணித் தலைவர் சார் வெகுநேரம் வருத்தப்பட்டார். எனக்கும் அந்த வருத்தம் உண்டு சார். ஆனால் அது போன் செய்த வேலை, டிவியின் மேல் வழக்குப் போடாதீர்கள். அதற்கு அவ்வளவுதான் பதில்.

சார் இன்னொன்றும் சொன்னார். "கொழுந்து எடுத்துட்டு வந்து கோலங்கள் சீரியல்ல வர்ற அபிக்காக அழுத பொம்பளைங்க, தங்க சம்பளத்துக்காக ஒரு நாள் அழுதிருந்தா எப்பவோ சம்பளம் கூடியிருக்கும்" என்றார். கூட்டம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்குப் பதில் சொல்லாமல் இந்த மேடையை விட்டு இறங்க மாட்டேன். அதற்கு முன்னால் ஒரு பெட்டரியின் கதை.

1982 பெப்ரவரி 15ஆம் தேதி நம் இலங்கை அரசாங்க டிவி ரூபவாஹினி தொடங்கியது. அதன் கோபுரம் எங்கே நிற்கிறது? நம்முடைய நுவரெலியாவில், பிதுருதலாகலை உச்சியில், 2,524 மீட்டர் உயரத்தில். நம் மலையிலிருந்துதான் நாடு முழுக்கப் படம் போனது. ஆனால் நம் லயத்தில், வரிசையாகக் கட்டிய தோட்டத்து வீடுகளில், கரண்ட் இல்லை. எங்கள் லயத்தில் பன்னிரண்டு காம்பிரா, அதாவது பன்னிரண்டு வீடு. அந்தப் பன்னிரண்டுக்கும் ஒரே ஒரு பதினாலு அங்குலக் கறுப்பு வெள்ளைப் பெட்டி, அதுவும் எங்கள் வீட்டில். அதை யார் வாங்கியது என்று கடைசியில் சொல்கிறேன், மறந்துவிடாதீர்கள். அது கார் பெட்டரியில் ஓடியது. பெட்டரி தீர்ந்தால் சாக்கில் சுற்றித் தோளில் வைத்து, டவுனுக்கு மூன்று கட்டை, அதாவது மூன்று மைல், நடந்து போய் சார்ஜ் போட்டு வரவேண்டும்.

1996 மார்ச் 17, ஞாயிற்றுக்கிழமை. லாகூரில் உலகக் கிண்ணக் கிரிக்கெட் இறுதிப் போட்டி, நம் இலங்கை ஆடுகிறது. எனக்கு ஒன்பது வயது. உள்ளே இருபது பேர், வாசல் திண்ணை இஸ்தோப்பில் முப்பது பேர், ஜன்னலில் தொங்கியவர்களுக்குக் கணக்கில்லை. முரளி பந்தை எடுத்தால் எங்கள் தாத்தா எழுந்து நின்றுவிடுவார். கண்டியில் பிறந்த பையன், அவனுடைய தாத்தாவும் நம்மைப்போல இந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்து வேலைக்கு வந்தவர் என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அன்றைக்கு முரளி 10 ஓவரில் 31 ஓட்டம்தான் கொடுத்தார். அந்தப் பத்து ஓவரும் தாத்தா நின்றுகொண்டுதான் பார்த்தார்.

ஆஸ்திரேலியா 241. நம் ஆட்கள் இறங்கினார்கள். ஜயசூரிய போனார், களுவிதாரண போனார், 23 ஓட்டத்துக்கு 2 விக்கெட். அந்த நேரம் பார்த்து, படம் சுருங்கத் தொடங்கியது.

பெட்டரியில் டிவி பார்த்தவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. பெட்டரி சாகும்போது படம் பட்டென்று நிற்காது. நாலு பக்கமும் கறுப்பு ஏறும். படம் தபால் அட்டை அளவாகும், அப்புறம் தீப்பெட்டி அளவாகும். அரவிந்த மட்டையோடு நடந்து வருகிறார், சுண்டுவிரல் உயரம்! அம்பது பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு அந்தச் சுண்டுவிரலைப் பார்க்கிறோம். அதுவும் போனது. இருட்டு.

ஜன்னல் பக்கம் ஒரு குரல் கேட்டது. "பய வென்ன எப்பா!" பயப்படாதீர்கள் என்று சிங்களத்தில். எங்கள் தோட்டத்து டிராக்டர் டிரைவர். பக்கத்துச் சிங்களக் கிராமத்து அண்ணன், அவரும் அன்றைக்கு எங்களோடு பார்க்கத்தான் வந்திருந்தார். அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஸ்டோருக்கு ஓடினார். டோர்ச் வெளிச்சத்தில் ஸ்பேனர் போட்டு டிராக்டர் பெட்டரியைக் கழற்றினார்கள். ஒரு படங்கில் வைத்து, ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு, தேயிலைக்கு நடுவே குறுக்குப் பாதையில் தூக்கி வந்தார்கள்.

இந்த இடத்தில் எங்கள் வீட்டில் இரண்டு கதை உண்டு. அப்பா சொன்னால், வழியில் ஒரு தடவை வழுக்கியது, ஆனால் பெட்டரி தரையைத் தொடவே இல்லை. அம்மா சொன்னால், பெட்டரித் தண்ணி சிந்தி அப்பாவின் புதுச் சாரத்தில் ஐந்து ஓட்டை. தீபாவளிக்கு எடுத்த சாரம். அப்பாவுக்கு அரவிந்தவின் 107 ஞாபகம், அம்மாவுக்கு அந்த ஐந்து ஓட்டை ஞாபகம். இருபது வருஷத்துக்கு மேல் எங்கள் வீட்டில் இந்த மட்ச் இப்படித்தான் நடந்துகொண்டிருக்கிறது.

கிளிப்பை மாட்டியதும் படம் வந்தது. முழுப் படம்! குருசிங்க அடிக்கிறார், அரவிந்த அடிக்கிறார், ரணதுங்க வந்து வெற்றி ஓட்டத்தைத் தட்டிவிடுகிறார். லயத்து நாய்கூட அன்றைக்குத் தூங்கவில்லை.

கதை முடியவில்லை ஐயா, மணியைக் கொஞ்சம் பிடியுங்கள். பெட்டரியை ராத்திரியே கொண்டுபோய்ப் பூட்டிவிட்டார்கள். ஆனால் அது ஏற்கனவே கிழட்டுப் பெட்டரி. திங்கள் காலை வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டு முடிந்து பார்த்தால் டிராக்டர் அசையவில்லை. டிரைவர் அண்ணன் முகம் வெளுத்துப் போனது. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. மம்பட்டியைப் போட்டுவிட்டு வந்தார்கள், கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்தார்கள், முப்பது பேர் பின்னால் நின்று இறக்கத்தில் தள்ளினார்கள். அது ஸ்டார்ட் ஆனது. அந்த முப்பது பேரில் நாலைந்து பேர் இங்கேயே இருக்கிறீர்கள், கையைத் தூக்குங்கள்! பாருங்கள் ஐயா, பாருங்கள். டிவி பிரித்தது என்று சொல்ல வந்தவர்கள் இந்தக் கைகளுக்கு முதலில் பதில் சொல்லட்டும்.

இப்போது சார் சொன்ன பேச்சுக்கு வருகிறேன்.

கோலங்கள் 2003இல் தொடங்கி 2009 வரை ஓடியது, 1,500 பகுதிக்கு மேல். அந்த ஆறு வருஷமும் எங்கள் அம்மா காலை நாலரைக்கு எழுந்து, ரொட்டி சுட்டு, எங்களைப் பள்ளிக்கு அனுப்பி, மலைக்குப் போய் நிரையில் நின்றவர். முதல் நாள் பார்க்காதவர்களுக்குப் பார்த்தவர்கள் நிரையில் கதை சொல்வார்கள். கை கொழுந்தில், வாய் அபியிடம். தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைச் சண்டையில் எட்டு மாதம் அம்மாவோடு பேசாமல் இருந்தவர் பக்கத்துக் காம்பிரா அக்கா. ஒரு நாள் பார்க்கத் தவறிவிட்டு, "அபிக்கு என்னாச்சு?" என்று அவரே வந்து கேட்டார். எட்டு மாதத்தில் முதல் பேச்சு அதுதான்.

சம்பளத்துக்கு அழவில்லை என்கிறீர்கள் சார். அவர்கள் அழவில்லை, உண்மைதான். 2018 டிசம்பரில் நாள் சம்பளம் ஆயிரம் ரூபாய் கேட்டு மலையகம் முழுக்க வேலையை நிறுத்தினோமே, அப்போது ரோட்டில் உட்கார்ந்தது யார்? இந்தப் பெண்கள். அந்த ஆயிரம் 2021 மார்ச்சில்தான் வந்தது. அதுவரை அடுப்பை எரிய வைத்தவர்களும் இவர்கள்தான். பகல் முழுக்கக் கூடைக் கயிறு தலையை அழுத்த, அட்டை கடித்த காலோடு நின்றவர், ராத்திரி அரை மணி நேரம் பாயில் உட்கார்ந்து இன்னொரு பெண்ணுக்காக இரண்டு சொட்டுக் கண்ணீர் விட்டால் அதில் சிரிக்க என்ன சார் இருக்கிறது?

அந்தக் கண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். சொல்கிறேன்.

எங்கள் அப்பாவுக்கு ஒரு தங்கச்சி. பதினொரு வயதில் கொழும்பில் ஒரு வீட்டுக்கு வேலைக்கு அனுப்பினார்கள். எண்பதுகளின் கடைசி அது. அந்த வீட்டில் கலர் டிவி இருந்தது. ரூபவாஹினியில் ஓஷின் என்ற ஜப்பானியத் தொடர் சிங்களத்தில் ஓடும். வீட்டார் கதிரையில் உட்காருவார்கள். அத்தை குசினி வாசற்படிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்க வேண்டும். உட்காரக் கூடாது.

ஓஷின் கதை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஏழு வயதுப் பிள்ளையை ஒரு மூட்டை அரிசிக்காக வேலைக்கு அனுப்பிவிடுவார்கள். ஆற்றில் தெப்பத்தில் ஏற்றி அனுப்புகிற காட்சி. பிள்ளை அம்மா, அப்பா என்று கத்திக்கொண்டே போகும். எங்கள் அத்தைக்கு அப்போது சிங்களம் பாதிகூடத் தெரியாது. ஆனால் அந்தக் கத்தல் புரிந்தது. வீட்டுக்கார அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்துவிட்டுத் திரும்பி, அத்தையிடம் தேத்தண்ணி போட்டு வரச் சொன்னார்.

"அவங்க ஓஷினுக்கு அழுதாங்க. நான் குசினியில போயி எனக்கு அழுதேன்." அத்தை ஒரே ஒரு தடவைதான் இதை என்னிடம் சொன்னார்.

அந்தப் பதினாலு அங்குலப் பெட்டியை வாங்கியவர் அந்த அத்தைதான். ஆறு வருஷம் கழித்துத் திரும்பி வந்தபோது, கையில் மிச்சமிருந்த காசில் நகை வாங்கவில்லை, சேலை வாங்கவில்லை. பழைய டிவி ஒன்றும் பெட்டரி ஒன்றும் வாங்கி வந்தார். நடு வீட்டில் வைத்தார். யார் பார்க்க வந்தாலும், கங்காணி வந்தாலும், தோட்டம் கூட்டுகிறவர் வந்தாலும், பாயை விரித்து அத்தை ஒரு வார்த்தைதான் சொல்வார். "உட்காந்து பாருங்க." இஸ்தோப்பில் நின்றவர்களுக்கும் அன்றைக்குச் சாக்கு விரித்துக் கொடுத்தது அவர்தான்.

மணி அடித்துவிட்டது ஐயா, தெரிகிறது. அத்தை இன்றைக்கும் வந்திருக்கிறார். நான் பேசத் தொடங்கியதிலிருந்து அதோ, கொடிமரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டே இருக்கிறார். முன் வரிசையில் என் கதிரை காலியாக இருக்கிறது.

அத்தை, இங்கே வாங்க. வந்து உட்காருங்க.