கால் எப்படி இருக்கிறது?

நேயர்களுக்கு வணக்கம். போர்முனையில் இருந்ததைப் பற்றியும் வீடு திரும்பியதைப் பற்றியும் பேசும்படி நிலையத்தார் கேட்டிருக்கிறார்கள். நான் காலைப் பற்றித்தான் பேசப் போகிறேன். காலாட்படை என்ற சொல்லைப் பாருங்கள், அதிலேயே கால் இருக்கிறது. பழைய படைகளைத் தேர், யானை, குதிரை, காலாள் என்று அடுக்குவார்கள். தேர் போயிற்று, யானை போயிற்று, குதிரையும் போயிற்று. கடைசியாகச் சொல்லப்பட்டவன் மட்டும் முதுகில் முப்பது கிலோ சுமையோடு இன்னும் நடந்துகொண்டிருக்கிறான்.

சண்டை என்றால் எந்நேரமும் துப்பாக்கி வெடித்துக்கொண்டே இருக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. நாங்கள் சுட்ட நேரத்தை எல்லாம் கூட்டினால் சில மணி நேரம் தேறலாம். மீதி நேரமெல்லாம் நடந்தோம், குழி வெட்டினோம், வெட்டிய குழியில் ஊறிய தண்ணீரில் நின்றோம்.

எங்கள் செக்‌ஷன் கமாண்டர் அதிகம் பேசாதவர். இருட்டியதும் ஒவ்வொரு குழியாக வருவார். "பூட்ஸைக் கழற்று" என்பார். டார்ச்சின் முகத்தில் துணியைச் சுற்றி, நூல் போன்ற வெளிச்சத்தில், சேற்றில் மண்டியிட்டு எங்கள் கால்விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்ப்பார். பெருவிரல் நகத்தை அழுத்துவார். வெளுத்த இடத்தில் மறுபடி சிவப்பு ஏற எவ்வளவு நேரம் ஆகிறது என்று கவனிப்பார். முதல் நாள் எனக்குக் கூச்சமாக இருந்தது. என்னைவிட மூத்தவர், என் காலைத் தொடுகிறாரே என்று பின்னால் இழுத்துக்கொண்டேன். விடவில்லை.

எங்களை இரண்டிரண்டு பேராகப் பிரித்திருந்தார். என் காலுக்கு என் ஜோடி பொறுப்பு, அவன் காலுக்கு நான். நனைந்த காலுறையைச் சட்டைக்குள் வயிற்றோடு ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும். உடம்புச் சூட்டில் விடிவதற்குள் அரைகுறையாகவாவது காய்ந்துவிடும். அந்த ஈரக் காலுறை வயிற்றில் படும்போது வரும் நடுக்கம் இன்றும் எனக்கு நினைவிருக்கிறது.

இதற்கு ஒரு வரலாறு உண்டு என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். முதல் உலகப் போரில், 1914-15 குளிர்காலத்தில், பிரிட்டிஷ் படையில் மட்டும் இருபதாயிரம் பேருக்கு மேல் பதுங்குகுழிக் கால்நோயால் படுத்துவிட்டார்கள். பனி உறைய வேண்டியதில்லை. ஈரமும் குளிரும் அசையாமல் நிற்பதும் போதும். ரத்த ஓட்டம் குறைந்து கால் மரத்துப்போகும், வீங்கும், கவனிக்காவிட்டால் கறுத்து அழுகும். அதன் பிறகுதான் காய்ந்த காலுறை, திமிங்கில எண்ணெய், ஒருவர் காலை மற்றவர் தேய்த்துவிடுவது என்றெல்லாம் உத்தரவு போட்டார்கள். அந்த உத்தரவைத்தான் அவர் சேற்றில் மண்டியிட்டு நிறைவேற்றிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் குண்டுச் சிதறல் பட்டு அவரை ஸ்ட்ரெச்சரில் ஏற்றினோம். நான்தான் அவருடைய பூட்ஸைக் கழற்றினேன். காலுறை தோலோடு ஒட்டியிருந்தது. நாங்கள் எட்டுப் பேர், நான்கு ஜோடி. அவர் ஒன்பதாவது ஆள், அவருக்கு ஜோடி கிடையாது. எட்டுப் பேரில் ஒருவருக்குக்கூட, ஒருநாள்கூட, அவரிடம் உங்கள் காலைக் காட்டுங்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. உயிர் பிழைத்துக்கொண்டார். இடக்காலில் இரண்டு விரல்கள் போய்விட்டன.

காலிலேயே நின்றுவிட்டேன். வீடு திரும்பியதற்கு வருகிறேன்.

போர்முனையிலிருந்து வீட்டு வாசலுக்கு இரண்டே நாள் பயணம். உடம்பு இரண்டு நாளில் வந்துவிட்டது. ஆனால் கண்ணிவெடி புதைத்த நிலத்தில் பல மாதம் நடந்தவன் நான். பிறர் கால் பட்ட இடத்தில்தான் என் கால் விழும். வீட்டுக்கு வந்த பிறகும் பாதையை விட்டு இறங்க மாட்டேன். ஒருநாள் காலையில் என் மகள் பந்தைத் துரத்திக்கொண்டு புல்வெளிக்குள் ஓடினாள். "நில்!" என்று கத்தினேன். அவளிடம் அதுவரை அப்படி ஒரு குரலில் பேசியதே இல்லை. குழந்தை அப்படியே நின்றுவிட்டாள், ஒரு காலைத் தூக்கியபடி. என்னால் சட்டென்று அவளிடம் போக முடியவில்லை. பனி நனைத்த புல்லில் அவள் ஓடிய தடம் தெரிந்தது. அந்தச் சின்னச் சின்னத் தடங்களில் என் காலை வைத்து வைத்து நடந்துபோய்த் தூக்கிக்கொண்டேன். திரும்பி வந்ததும் அதே தடத்தில்தான்.

1688ஆம் ஆண்டிலேயே யோஹானஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் வீட்டு ஏக்கத்தை ஒரு நோயாக எழுதி, வீடு திரும்புதல், வலி என்ற இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து நாஸ்டால்ஜியா என்று பெயர் வைத்தார். பிற்காலத்தில் வெளிநாட்டுப் படைகளுக்குக் கூலிக்குப் போன சுவிஸ் வீரர்களின் நோயாக அது பேசப்பட்டது. 1915இல் குண்டு அதிர்ச்சி என்றார்கள், 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் இப்போது நாம் சொல்லும் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனக்கோளாறு என்ற பெயரைத் தந்தார்கள். பெயர் இருப்பது நல்லது. பெயர் இருந்தால் சிகிச்சை உண்டு, வெட்கப்படாமல் மருத்துவரிடம் போகலாம். ஆனால் எனக்கு அந்தப் பழைய பெயர்தான் மனதில் நிற்கிறது. திரும்புவதே வலிக்கிறது என்பதை அன்றே யாரோ சொல்லிவைத்திருக்கிறார்.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள், எத்தனை பேரைச் சுட்டாய் என்று. அன்பாகத்தான் கேட்டார்கள். நான் எழுந்து உள்ளே போய்விடுவேன். என் அப்பா ஒரு வாரம் எதுவும் கேட்கவில்லை. எட்டாம் நாள் இரவு ஒரு வாளியில் வெந்நீர் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு, "கால் எப்படிடா இருக்கிறது?" என்றார். வாளிக்குள் காலை வைத்தேன். தண்ணீர் ஆறிப்போய் வெகுநேரமாகியும் நான் பேசிக்கொண்டே இருந்தேன். கமாண்டரைப் பற்றி முதன்முதலாகச் சொன்னது அப்போதுதான். நேயர்களே, உங்கள் வீட்டுக்கோ பக்கத்து வீட்டுக்கோ யாராவது அப்படித் திரும்பி வந்தால், முதலில் அவர் காலைக் கேளுங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். காத்திருந்தவர்களைப் பற்றித் தனியாகப் பேசக் குறிப்பு வைத்திருந்தேன். தமிழில் காத்திருப்பதற்கென்றே முல்லை என்று ஒரு திணை இருக்கிறது, அதிலிருந்து தொடங்க நினைத்தேன். நேரமில்லை. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். நான் போன நாளில் கழற்றிவிட்ட செருப்பை என் மனைவி வாசலிலேயே வைத்திருந்தாள். தினமும் துடைத்து, அதே இடத்தில், அதே திசையில். வந்ததும் போட்டுப் பார்த்தேன். சேரவில்லை, கால் அகன்றுவிட்டிருந்தது. அவள் அதை இன்னும் எடுக்கவில்லை.

வணக்கம்.