கடைத் தம்பி போட்டுக் கொடுத்த ஜிமெயில்

(தண்டையார்பேட்டையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, மூத்தவர்கள் கூடிய கூட்டத்தில் பேசியது. பேசியதை அப்படியே எழுதினால் பாதி இருமலும் பாதி சிரிப்புமாக இருக்கும். அதனால் கொஞ்சம் சீர் செய்திருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம். தம்பி, அந்த ஃபேனைக் கொஞ்சம் குறையுங்கள், மைக்கில் காற்று அடிக்கிறது. சரி.

நான் தொலைபேசித் துறையில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை நான் ஏறாத கம்பம் குறைவு. அந்தக் காலத்தில் ஒரு வீட்டுக்கு போன் வருவதென்றால் அது ஒரு விசேஷம். நாங்கள் வருவோம், ஒயரை இழுப்போம், டயல் டோன் வருகிறதா என்று காதில் வைத்துப் பார்ப்போம், காபி குடித்துவிட்டுப் போவோம். போன் துறையுடையது. நீங்கள் கட்டியது வாடகை. உங்களுக்கு இருந்த ஒரே வேலை ரிசீவரை எடுத்து "ஹலோ" சொல்வது.

அந்தப் பழக்கம் நம் தலைமுறையை விட்டுப் போகவே இல்லை. இந்தியாவில் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31-ஆம் தேதி கல்கத்தாவிலிருந்து டெல்லிக்குப் போனது. பிறகு பல வருஷம் வருகிற அழைப்புக்கும் காசு கொடுத்தோம், 2003-இல்தான் அது நின்றது. மிஸ்டு கால் கொடுத்தே குடும்பம் நடத்திய வீடுகள் இந்தத் தெருவிலேயே இருக்கின்றன. எல்லாம் மாறிவிட்டது. ஆனால் இன்றைக்கும் பதினைந்தாயிரம் ரூபாய்க்குப் புது போன் வாங்கிவிட்டு, பெட்டியைக்கூடப் பிரிக்காமல் கவுன்ட்டரில் வைத்து, "எல்லாத்தையும் நீயே போட்டுக் குடு தம்பி" என்கிறோம். அவனும் போட்டுக் கொடுக்கிறான். இன்றைக்கு நான் பேச வந்தது அந்தப் பத்து நிமிஷத்தைப் பற்றித்தான்.

அந்தத் தம்பி கெட்டவன் இல்லை. பின்னால் எட்டுப் பேர் நிற்கிறார்கள். போன் ஆன் ஆனதும் கூகுள் கணக்கு கேட்கும். உங்களைக் கேட்பான், "ஐயா, ஜிமெயில் இருக்கா?" நீங்கள் விழிப்பீர்கள். உடனே அவனே ஒரு பெயர், ஒரு பிறந்த தேதி, ஒரு பாஸ்வேர்டு போட்டுப் புதிதாக ஒன்றை உண்டாக்கிவிடுவான். சாயங்காலத்துக்குள் அவனுக்கே அது மறந்துவிடும். புது வீடு கட்டிக் குடி போகும்போது சாவியைக் கொத்தனாரிடம் கொடுத்துவிட்டு, அவர் பெயரையும் கேட்டுக்கொள்ளாமல் வருவோமா?

மற்றவர்களைச் சொல்கிறேனே, நான் என்ன செய்தேன் தெரியுமா? நானும் அதைத்தான் செய்தேன். போன்காரன் வீட்டிலேயே இந்த லட்சணம். மூன்று வருஷம் ஓடியது. ஒருநாள் மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது சட்டைப் பையிலிருந்து போன் கீழே விழுந்து செத்துப்போனது. புதிது வாங்கினேன். "உங்கள் கணக்கில் நுழையுங்கள்" என்றது. எந்தக் கணக்கு? பழைய கடைக்குப் போனால் அந்தத் தம்பி வேலையை விட்டுப் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. முந்நூறு நம்பர் போனது. அதைத் தேடித் திரும்பச் சேர்த்துவிட்டேன். என் அக்கா இருந்த கடைசிப் பொங்கலுக்கு எடுத்த படங்களும் அந்தக் கணக்கில்தான் இருந்தன. அவை எங்கோ ஒரு கம்ப்யூட்டரில் இன்னும் பத்திரமாக இருக்கலாம். எனக்குத்தான் கதவு திறக்கவில்லை.

அதனால், புது போன் வாங்கப் போகிறவர்கள் முதலில் பழைய போனைக் கையில் எடுங்கள். அது உயிரோடு இருக்கும்போதே ப்ளே ஸ்டோரைத் திறந்து, மேலே வலது ஓரத்தில் இருக்கும் வட்டத்தைத் தொடுங்கள். உங்கள் ஜிமெயில் முகவரி தெரியும். அதை ஒரு நோட்டில் எழுதுங்கள். பாஸ்வேர்டு தெரியாவிட்டால், அந்த போன் வேலை செய்கிறவரை மாற்றிக்கொள்வது சுலபம். செத்த பிறகு மகா கஷ்டம். கணக்கை மீட்பதற்கென்று ஒரு போன் நம்பர் கேட்கும், அங்கே உங்கள் இப்போதைய நம்பர் இருக்கிறதா என்று பாருங்கள். மீட்பு மின்னஞ்சல் என்று இன்னொரு இடம் இருக்கும். அதில் மகளுடைய முகவரியையோ மருமகனுடையதையோ போடலாம். பாஸ்வேர்டைக் காகிதத்தில் எழுதலாமா என்று கேட்பீர்கள். படித்த பிள்ளைகள் கூடாது என்பார்கள். என்னைக் கேட்டால், பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் ஒரு நோட்டு இருப்பதில் தப்பில்லை. போனுக்குள்ளேயே "ஏடிஎம்" என்று ஒரு ஆள் பெயர் மாதிரி சேர்த்து, நான்கு இலக்க நம்பரைப் போட்டு வைக்கிறீர்களே, அதுதான் தப்பு. (சிரிப்பு) சிரிக்கிறவர்கள் எல்லாம் செய்கிறவர்கள்தான்.

நம்பர்களைச் சேமிக்கும்போது "சிம்மிலா, போனிலா, கூகுளிலா" என்று கேட்கும். கூகுள் என்று சொல்லுங்கள். சிம்மில் வைத்தால் சிம்மோடு போகும், போனில் வைத்தால் போனோடு போகும். இருந்தாலும் ஐந்தாறு முக்கியமான நம்பரைக் காகிதத்தில் வையுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது கரண்ட் இல்லாமல், டவர் இல்லாமல், போன் வெறும் டார்ச்சாக இருந்தது. அன்றைக்குப் பக்கத்து வீட்டு போனிலாவது பேசலாம் என்றால் மகன் நம்பர் நமக்கு மனப்பாடம் இல்லை.

அடுத்தது பூட்டு. ஒன்பது புள்ளி வருமே, அதில் கோடு இழுக்கிறோம். நான் பார்த்தவரை பாதிப் பேர் போடுவது 'ட'. மேலிருந்து கீழே, அப்படியே வலது பக்கம். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருப்பவருக்கு முதல் தடவையிலேயே மனப்பாடம் ஆகிவிடும். விரல் போன தடமும் கண்ணாடியில் எண்ணெய்க் கோடாகத் தெரியும். புள்ளியை விட்டுவிட்டு ஆறு இலக்க நம்பர் வையுங்கள். நான்கு இலக்கத்தில் பத்தாயிரம் விதம்தான் உண்டு, ஆறு என்றால் பத்து லட்சம். ஆனால் பிறந்த தேதியைப் போட்டுவிட்டு என்னிடம் வராதீர்கள்.

விரல் ரேகை பற்றி நம் பக்கத்து ஆட்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். காசிமேட்டில் மீன் வெட்டுகிற அக்காமார்கள், இறால் உரிக்கிறவர்கள், ஹார்பரில் மூட்டை தூக்கினவர்கள், இவர்களுக்கெல்லாம் ரேகை தேய்ந்திருக்கும். ரேஷன் கடை மெஷினில் நான்கு தடவை வைத்துத் தேய்த்துக்கொண்டு நிற்பவர்கள்தான் நீங்கள். புது போன் ரேகையைப் பதியச் சொல்லும்போது வேலை முடிந்து வந்த ஈரக் கையோடு பதியாதீர்கள். ஐஸ் தண்ணீரில் ஊறிச் சுருங்கிய விரல் ஒரு விரல், காய்ந்த விரல் வேறு விரல் என்றுதான் போன் நினைக்கும். கை நன்றாகக் காய்ந்த பிறகு, அதிகம் தேயாத விரலாகப் பாருங்கள். வலது கைக்காரர்களுக்கு இடது கையில் ஏதாவது ஒன்று. அதே விரலை இரண்டாவது தடவையும் தனியாகப் பதியலாம், அப்போது அடையாளம் தெரிவது கொஞ்சம் தேவலை. திரைக்கு அடியிலேயே ரேகை பார்க்கிற போனாக இருந்தால் முதலில் டெம்பர் கிளாஸை ஒட்டிவிட்டு அப்புறம் ரேகை வையுங்கள். பலர் தலைகீழாகச் செய்துவிட்டு, போன் பழுது என்று கடைக்குத் திருப்பி எடுத்துப் போகிறார்கள். ரேகை வைத்தாலும் நம்பரை மறக்கக் கூடாது. போனை அணைத்துப் போட்டால் முதலில் அது நம்பரைத்தான் கேட்கும்.

மொழி. ஆரம்பத்திலேயே தமிழைத் தேர்ந்தெடுக்கலாம். சில மொழிபெயர்ப்பு நமக்கே புரியாது, அது வேறு விஷயம். எழுதுவதற்குத் தமிழ்99 என்று ஒரு விசைப்பலகை உண்டு. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி வந்தது, உயிர் ஒரு பக்கம், மெய் ஒரு பக்கம். பழகிவிட்டால் வேகம். பழகப் பொறுமை இல்லாதவர்கள் மைக் படத்தைத் தொட்டுப் பேசினால் போதும், அதுவே எழுதிக்கொள்ளும். ஆனால் அதனிடம் மட்டும் கொஞ்சம் மேடைத் தமிழில் பேச வேண்டியிருக்கிறது. "இன்னா மே" என்று நான் சொன்னதை அது என்னவாக எழுதியது என்பதை இங்கே சொல்ல முடியாது. (சிரிப்பு)

முதல் சார்ஜை எட்டு மணி நேரம் போடச் சொன்னார்களா? வேண்டாம். அது பழைய நிக்கல் பேட்டரி காலத்துப் பேச்சு. இப்போது வருவது லித்தியம், பெட்டியிலிருந்து எடுத்ததுமே பாதி சார்ஜ் இருக்கும், அப்படியே பயன்படுத்தலாம். தண்ணீரில் விழுந்தால் அரிசி மூட்டைக்குள் வைப்பதும் அதே மாதிரிதான். ஆப்பிள் கம்பெனியே 2024-இல் அதைச் செய்யாதீர்கள் என்று சொல்லிவிட்டது, அரிசித் தூள் துளைக்குள் போய்விடுமாம். சார்ஜ் போடாமல், துளை கீழே பார்க்கத் தட்டி, காற்றாட வையுங்கள். அரிசியைச் சோறாக்குங்கள்.

இப்போது பணம். இதில்தான் நிறையப் பேர் முதல் நாளே பயந்து போகிறார்கள். பழைய போனில் ஓடிய யூபிஐ, புது போனில் தானாக வராது. வங்கியில் கொடுத்திருக்கும் அதே நம்பரின் சிம் இந்த போனுக்குள் இருக்க வேண்டும். அந்த சிம்மிலிருந்து போன் தானே ஒரு எஸ்எம்எஸ் அனுப்பும், அதை வைத்துத்தான் வங்கி உங்களை அடையாளம் காணும். ரீசார்ஜ் முடிந்து போயிருந்தால் எஸ்எம்எஸ் போகாது, "சரிபார்க்க முடியவில்லை" என்று சுற்றிக்கொண்டே இருக்கும். ஆப்பையே அழித்து அழித்துப் போடுவார்கள். கோளாறு ஆப்பில் இல்லை, ரீசார்ஜில். எஸ்எம்எஸ் போய்ச் சேர்ந்துவிட்டால் பழைய யூபிஐ பின்னே போதும். பின் போனுக்குச் சொந்தமில்லை, வங்கிக் கணக்குக்குச் சொந்தம்.

இன்னொன்று. புது போனில் பதிந்த முதல் 24 மணி நேரத்துக்கு ஐயாயிரம் ரூபாய்க்கு மேல் அனுப்ப விடாது. திருடன் கையில் போன் சிக்கினால் நம்மைக் காப்பாற்றத்தான் அது. ஆனால் பொங்கலுக்கு எம்.சி. ரோட்டில் துணி எடுக்கக் கிளம்புகிற அன்று காலையில் போனை மாற்றினால், பில் போடுகிற இடத்தில் நின்று முழிக்க வேண்டும். விடியற்காலையில் காசிமேட்டில் ஏலம் எடுக்கிறவர்களுக்கும் இதேதான். முந்தின நாள் கையில் கொஞ்சம் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

போன் நம்பர் யார் பெயரில் இருக்கிறது என்றும் பாருங்கள். இங்கே பல அம்மாக்களின் சிம், காலமான கணவர் பெயரில் ஓடுகிறது. சிம் தொலைந்தால் அதே நம்பரை வாங்க அவர் கையெழுத்துக்கு எங்கே போவீர்கள்? இப்போதே சிம் கம்பெனியின் கடைக்குப் போய்ப் பெயர் மாற்றக் கேளுங்கள். வேண்டாம் என்று விட்ட பழைய நம்பரை வங்கியிலிருந்தும் நீக்குங்கள். சில மாதம் போனால் அந்த நம்பர் வேறு யாருக்காவது போய்விடும், உங்கள் ஓடிபியும் அவருக்கே போகும்.

வாட்ஸ்அப்பை மாற்றும்போது ஆறு இலக்க எண் வரும். அதை யார் கேட்டாலும், நம்ம பேரனே பேசுகிற மாதிரி கேட்டாலும், சொல்லாதீர்கள். உள்ளே போனதும் அமைப்புகளில் இரண்டு கட்டச் சரிபார்ப்பு என்று இருக்கும், அதைப் போட்டுவிடுங்கள். படங்கள் தானாக இறங்குவதையும் நிறுத்துங்கள். கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி. வாட்ஸ்அப் பேக்கப்பும் இப்போது அந்தக் கணக்கில்தான் சேர்கிறது. ரோஜாப்பூ, விநாயகர், காபிக் கோப்பை என்று தினம் முப்பது காலை வணக்கம் வந்தால் அதில் எத்தனை நாள் ஓடும்?

அதே வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்று ஒன்று வரும். தொட்டால் படமாகத் திறக்காது, "நிறுவவா?" என்று கேட்கும். பெயரின் கடைசியில் ஏபிகே என்று மூன்று ஆங்கில எழுத்து இருக்கும். பத்திரிகையை எதற்கு நிறுவ வேண்டும்? அது உங்கள் எஸ்எம்எஸ்களைப் படிக்க வந்த ஆள். ஆப் எதுவானாலும் ப்ளே ஸ்டோரில் மட்டும். "இன்றிரவு உங்கள் வீட்டு மின்சாரம் துண்டிக்கப்படும்" என்று வருகிற மெசேஜும் இந்த ஜாதிதான். பணம் வாங்குவதற்கு எங்கேயும் பின் போட வேண்டியதில்லை. பின் கேட்டால் உங்கள் பணம் போகப் போகிறது என்று அர்த்தம். போய்விட்டால் அழுதுகொண்டு உட்காராமல் உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்கு போன் செய்யுங்கள். சீக்கிரம் சொன்னால் அந்தப் பணத்தை வழியிலேயே நிறுத்திவைக்க வாய்ப்பு இருக்கிறது.

பர்மா பஜாரில் பழைய போன் வாங்கிக்கொள்கிறேன் என்று ஒரு ஐயா வாசலில் சொன்னார். தாராளமாக வாங்குங்கள், ஆனால் நின்று பார்த்து வாங்குங்கள். *#06# போட்டால் 15 இலக்க ஐஎம்இஐ எண், அதாவது அந்த போனின் அடையாள எண், வரும். அது பில்லில் இருப்பதும் ஒன்றுதானா? அரசின் சஞ்சார் சாத்தி (Sanchar Saathi) இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால், திருட்டு என்று தடுக்கப்பட்ட போனா என்று தெரியும். அப்புறம் அமைப்புகள் வழியாக முழுவதும் அழித்துத் திரும்ப ஆன் செய்யச் சொல்லுங்கள். முந்தின ஆளின் ஜிமெயிலைக் கேட்டால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். அது அவர் இன்னும் விட்டுக்கொடுக்காத போன். நீங்கள் விற்கும்போதும் கணக்கை நீக்கிவிட்டுத்தான் அழிக்க வேண்டும். சொந்தப் பெட்டியின் மேல் இருக்கும் ஐஎம்இஐ எண்ணை அந்த நோட்டிலேயே எழுதுங்கள், தொலைந்தால் போனை முடக்கச் சொல்ல அது வேண்டும்.

சரி, புதுப் பெட்டி கொண்டுவந்தவர்கள் முன் வரிசைக்கு வாருங்கள். யாருக்கும் நான் போட்டுத் தரமாட்டேன், பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன், அவ்வளவுதான். சிம் தட்டை எடுக்கிற ஊசி பெட்டியின் மேல் மடிப்பில் சொருகியிருக்கும். அம்மா, நில்லுங்கள், அந்த ஓட்டை இல்லை! அது மைக். குத்தினால் உங்கள் குரல் யாருக்கும் கேட்காது. தட்டுக் கோடு ஓரமாகத் தெரிகிறதே, அதிலேயே ஒரு ஓட்டை இருக்கிறது பாருங்கள், அது.