சின்னப் பிள்ளைகளோடு கப்பலேறும் முன்

நேயர்களுக்கு அன்பு வணக்கம்.

ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை வைத்துக்கொண்டு உல்லாசக் கப்பல் பயணம் போக நினைக்கும் பெற்றோர் முதலில் கேட்பது, "எந்த ஊருக்கெல்லாம் போகும்?" என்பதுதான். அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியவை இரண்டு உண்டு. கப்பல் புறப்படும் நாளில் பிள்ளைக்கு எத்தனை மாதம் நிறைந்திருக்கும்? டயப்பரை விட்டிருக்குமா, இல்லையா? எந்தக் கப்பல், எத்தனை இரவு, எந்த அறை என்பதெல்லாம் இந்த இரண்டுக்கும் பிறகுதான். சிங்கப்பூர் மரீனா பே குரூஸ் சென்டரிலிருந்து பினாங்கு, போர்ட் கிளாங், புக்கெட் என்று 3 முதல் 5 இரவுகள் போய்வரும் பயணங்களை வைத்து இதை விளக்குகிறேன். இங்கே வாழும் குடும்பங்களோடு, சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் விமானத்தில் வந்து ஏறுபவர்களும் இதில் உண்டு.

முதலில் வயது. ராயல் கரீபியன் கப்பல் நிறுவனத்தின் விதிப்படி, பயணத்தின் முதல் நாளன்று குழந்தைக்கு 6 மாதம் முடிந்திருக்க வேண்டும். தொடர்ந்து மூன்று நாளோ அதற்கு மேலோ கரை தொடாமல் ஓடும் பயணம் என்றால் 12 மாதம். டிஸ்னி கப்பல்களிலும் பொதுவாக 6 மாதம்தான் கீழ்வரம்பு. நீண்ட பயணங்களுக்கு ஒரு வயது. சீட்டு வாங்கும் நாளில் என்ன வயது என்பது கணக்கில்லை. ஒரு நாள் குறைந்தாலும் முனையத்திலேயே நிறுத்திவிடுவார்கள். கரையிலிருந்து வெகுதூரத்தில் கைக்குழந்தைக்கு உடம்புக்கு முடியாமல் போனால் கப்பல் மருத்துவமனையால் ஓரளவுக்குத்தான் சமாளிக்க முடியும் என்பதே காரணம்.

கைக்குழந்தைக்குத் தனிப் படுக்கை வேண்டாம், அம்மாவோடு படுத்துக்கொள்ளும் என்று சொல்லி ஆள் கணக்கிலிருந்து விட்டுவிட முடியாது. உயிர்காப்புப் படகில் இடம் ஒதுக்குவது தலைக்கணக்கில். எனவே அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், கூட வரும் பாட்டி என்றால் நாலு பேர் அறை போதாது. நடுவில் கதவு வைத்து இணைத்த இரண்டு அறைகளைக் கேளுங்கள். பாட்டி ஒரு பிள்ளையோடு அந்தப் பக்கம் படுத்துக்கொண்டால், இரவு எட்டரை மணிக்கே விளக்கணைத்து எல்லோரும் இருட்டில் உட்கார்ந்திருக்கும் நிலை வராது. இந்த அறைகள் கப்பலில் கொஞ்சம்தான் இருக்கும், சீக்கிரம் போய்விடும்.

அடுத்தது டயப்பர். இதில்தான் பெற்றோர் அதிகம் ஏமாந்துபோகிறார்கள். சிறுவர் மன்றம் கட்டணத்திலேயே சேர்த்தி என்று படித்துவிட்டு, காலையில் பிள்ளையை அங்கே விட்டுவிட்டு ஓய்வெடுக்கலாம் என்று திட்டம் போடுவார்கள். பெரும்பாலான கப்பல்களில் அந்த மன்றம் 3 வயது நிறைந்த பிள்ளைகளுக்குத்தான். அதிலும் தானாகக் கழிப்பறை போகத் தெரிந்திருக்க வேண்டும். உள்ளாடை போல மாட்டும் டயப்பருக்கும் அனுமதியில்லை. அங்குள்ள பணியாளர்கள் உடை கழற்றிவிடவோ கழுவிவிடவோ மாட்டார்கள். ஆகவே கழிப்பறைப் பழக்கம் வந்த பிள்ளைக்குக்கூட, பித்தான் வைத்த ஜீன்ஸும் தோள்பட்டை வைத்த ஜம்ப்ஸூட்டும் வேண்டாம். இடுப்பில் எலாஸ்டிக் வைத்த, தானே இழுத்துவிடக்கூடிய கால்சட்டை போடுங்கள்.

மூன்றுக்குக் கீழே இருக்கும் பிள்ளைகளுக்குச் சில கப்பல்களில் மட்டும் குழந்தைக் காப்பகம் உண்டு. மணிக்கு இவ்வளவு என்று தனிக் கட்டணம். இடமும் குறைவு. கப்பல் ஏறிய அன்றே முன்பதிவு செய்யாவிட்டால் கிடைக்காது.

நீச்சல் குளத்திலும் இதே கதைதான். டயப்பர் போட்ட பிள்ளையை, அது நீச்சல் டயப்பராகவே இருந்தாலும், கப்பலின் பொதுக் குளங்களில் இறக்க விடமாட்டார்கள். நீச்சல் டயப்பர் கெட்டியானதைத்தான் தடுக்கும், கிருமியைத் தடுக்காது. ஒரு பிள்ளை குளத்தில் மலம் கழித்துவிட்டால் அதை மூடிக் கிருமிநீக்கம் செய்து மறுபடி திறக்க மணிக்கணக்காகும். சில பெரிய கப்பல்களில் மழலையருக்கென்றே தண்ணீர் தெளிக்கும் தனித் தளம் உண்டு. அங்கே நீச்சல் டயப்பர் போதும். ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு நீர் விளையாட்டு வேண்டுமென்றால், நீங்கள் வாங்கும் அந்தக் குறிப்பிட்ட கப்பலில் அப்படி ஒரு தளம் இருக்கிறதா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். ஒரே நிறுவனத்தின் இரண்டு கப்பல்களில்கூட இது மாறும்.

முதல் பயணத்துக்கு மூன்று அல்லது நான்கு இரவுகள் போதும் என்பது என் உறுதியான கருத்து. முதல் இரவு புது இடத்தில் தூக்கம் கெடும், இரண்டாம் நாள்தான் பிள்ளை பழகும். மூன்று இரவு என்றால் அந்தப் பழகிய சுகம் ஒரு நாளாவது மிஞ்சும். இரண்டு இரவில் பெட்டி கட்டிப் பிரிப்பதோடு சரி.

இப்போது அறை. சாதாரணக் கேபின் சுமார் 15 சதுர மீட்டர். தொட்டில் வேண்டுமென்று பதிவு செய்யும்போதே எழுதி வாங்கினால் இலவசமாக வைப்பார்கள். விரித்தால் கட்டிலுக்கும் சோபாவுக்கும் நடுவில் நடக்கும் இடம் முழுக்க அதற்கே போய்விடும். ஜன்னல் இல்லாத உள் அறை விலை குறைவு. பகல் தூக்கத்துக்கு அதைப்போல வசதி கிடையாது. ஆனால் விளக்கணைத்தால் கும்மிருட்டு. சின்ன பேட்டரி விளக்கு ஒன்று கொண்டுபோங்கள். பால்கனி அறை எடுத்தால், நாற்காலியையும் மேசையையும் கம்பியை ஒட்டிப் போட்டு வைக்காதீர்கள், பிள்ளை ஏறும். கூடியமட்டும் அவற்றை அகற்றித் தரச் சொல்லி அறைப் பணியாளரிடம் கேளுங்கள். பால்கனிக் கதவின் மேல்தாழ்ப்பாளை எப்போதும் போட்டே வையுங்கள்.

கேபின் கதவு தீத்தடுப்புக் கதவு. கனமானது, கையை விட்டால் தானே வேகமாக மூடிக்கொள்ளும். குளியலறை வாசலில் சில அங்குல உயரத்தில் ஒரு விளிம்பு இருக்கும். விரல் நசுங்குவதும் தடுக்கி விழுவதும் இந்த இரண்டு இடத்தில்தான். உள்ளே நுழைந்தவுடன் பிள்ளையின் கையைப் பிடித்துக் காட்டிவிடுங்கள். தள்ளுவண்டி ஒடுக்கமாக மடங்குவதாக இருக்கட்டும். அகலமான வண்டி கதவுக்குள் நுழையாது. நடைவழியில் விட்டுவைக்கவும் தீ விதிகள் இடம் தராது.

கழிப்பறை பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. கப்பலில் காற்றழுத்தத்தால் உறிஞ்சும் கழிப்பறைதான். பொத்தானை அழுத்தினால் திடீரென்று பெரும் இரைச்சலோடு உறிஞ்சும். இப்போதுதான் டயப்பரை விட்ட பிள்ளை அந்தச் சத்தத்தை ஒருமுறை கேட்டால், அப்புறம் பயணம் முழுக்க அதில் உட்கார மறுக்கும். அடக்கி வைத்து மலச்சிக்கலும் வரும். பிள்ளையை இறக்கி வெளியே அனுப்பி, மூடியைப் போட்டு, பிறகு அழுத்துங்கள். வீட்டில் பழகிய மடிக்கும் இருக்கையையும் கொண்டுபோங்கள். ஈரத் துடைப்பான் எதையும் கழிப்பறையில் போடாதீர்கள். குழாய் குறுகலானது. ஒரு அறையில் அடைத்தால் பக்கத்து அறைகளுக்கும் சேர்ந்து நின்றுவிடும்.

ஏறும் நாளுக்கு வருவோம். பெரிய பெட்டிகளை முனையத்திலேயே வாங்கிக்கொள்வார்கள். அவை அறை வாசலுக்கு வர மாலையாகும்; சில நேரம் இரவு உணவும் முடிந்துவிடும். அதனால் தோள்பையில் ஆறேழு மணி நேரத்துக்கான சாமான் இருக்க வேண்டும்: டயப்பர் ஐந்தாறு, இரண்டு மாற்றுடை, பால் மாவும் புட்டியும், மருந்து, நீச்சலுடை, பிள்ளை கட்டிக்கொண்டு தூங்கும் துணி அல்லது பொம்மை. இந்தக் கடைசிப் பொருளைப் பெட்டியில் வைத்துவிட்டால் அன்று பகல் தூக்கம் போச்சு. மொத்த டயப்பர் கணக்கு: ஒரு வயதுக்குக் கீழே நாளுக்கு எட்டு, அதற்கு மேலே ஆறு, வயிற்றுப்போக்கை நினைத்து இரண்டு நாளுக்கு உபரி. கப்பல் கடையை நம்பாதீர்கள். அளவு கிடைக்காது, விலையும் கூடுதல்.

புறப்படும் முன் பாதுகாப்புப் பயிற்சி கட்டாயம். ஆபத்து நேர்ந்தால் நீங்கள் போய்ச் சேர வேண்டிய கூடுமிடம் எது என்று காட்டுவார்கள். அப்போதே பிள்ளையின் எடையைச் சொல்லி உயிர்காப்புச் சட்டையைக் கேளுங்கள். சர்வதேச விதிப்படி 15 கிலோவுக்குக் கீழே மழலை அளவு. 15 முதல் 43 கிலோ வரை சிறுவர் அளவு. பெரிய அளவைப் போட்டால் தண்ணீரில் சட்டை மட்டும் மேலே வந்து பிள்ளை அடியில் நழுவிவிடும். பல கப்பல்களில் பிள்ளைகளுக்குக் கூடுமிட எண் பொறித்த கைப்பட்டை தருவார்கள். குளிக்கும்போதும் கழற்ற வேண்டாம்.

சாப்பாடு. மின்சாரக் கெட்டில், சின்ன ரைஸ் குக்கர், இஸ்திரிப் பெட்டி எல்லாம் ஸ்கேனரில் தெரிந்தவுடன் எடுத்து வைத்துவிட்டு இறங்கும்போதுதான் தருவார்கள். வீட்டில் அரைத்த சத்துமாவுக்கும் இட்லிப்பொடிக்கும் சிக்கல் வரலாம்; பொதுவாக, கடையில் வாங்கிய, முத்திரை பிரிக்காத குழந்தை உணவுக்கு அனுமதி உண்டு. காய்ச்ச வேண்டிய கஞ்சி மாவு கொண்டுபோய்ப் பயனில்லை. அறையில் அடுப்பு கிடையாது. வெந்நீரில் கலக்கினால் போதும் என்ற வகையை வாங்கி, பயணத்துக்குப் பத்து நாள் முன்பிருந்தே கொடுத்துப் பழக்குங்கள். பால் மாவைக் குறைந்தது 70 டிகிரி சூட்டுத் தண்ணீரில் கலக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். நல்ல பிளாஸ்க் ஒன்று கையோடு இருந்தால் பஃபே கூடத்தில் வெந்நீர் பிடித்துக்கொள்ளலாம். வெறும் சோறு, பருப்பு, தயிர் வேண்டுமென்று முதல் நாள் இரவே பரிமாறுபவரிடம் சொல்லிவிட்டால் மறுநாளிலிருந்து கேட்காமலே வரும். உணவுக்கூடத்தில் இரண்டு பந்தி என்றால், முதல் பந்திதான் உங்களுக்கு.

தலைசுற்றல், வாந்தி குறித்து. இரண்டு வயதுக்குக் கீழே கடல் நோய் அரிது. அதற்கு மேல், பன்னிரண்டு வரை கூடுதல். கப்பல் முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் ஆடும்போது நடுப்பகுதி ஊஞ்சலின் கயிறு கட்டிய இடம் போலக் குறைவாகவே அசையும். கீழ்த்தளத்தில், நடுவில் இருக்கும் அறை நல்லது. மலாக்கா நீரிணை பெரும்பாலும் அமைதியானது. புக்கெட் பக்கம் மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் அலை எழும்பும். வியட்நாம் பக்கம் போகும் பயணங்களுக்கு நவம்பர் முதல் ஜனவரி வரையிலான வடகிழக்குப் பருவக்காற்றுதான் சிரமம்.

மருந்து விஷயத்தில் மிகக் கவனம் தேவை. பேருந்துப் பயணத்துக்கு நம் வீடுகளில் கொடுக்கும் அவோமின் மாத்திரையில் இருப்பது ப்ரோமெத்தசின். அதே மருந்து சில சிரப்புகளிலும் உண்டு. இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு அது மூச்சையே மந்தப்படுத்தக்கூடும், கொடுக்கவே கூடாது. காதுக்குப் பின்னால் ஒட்டும் பட்டையும் குழந்தைகளுக்கு இல்லை. பெரியவர்கள் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கும் வழக்கம் ஆபத்தானது. கிளம்பும் முன் பிள்ளையின் எடையைச் சொல்லி, மருத்துவரிடம் மருந்தின் பெயரும் அளவும் எழுதி வாங்குங்கள். அதோடு காய்ச்சல் மருந்து, வெப்பமானி, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம். கப்பல் மருத்துவருக்குத் தனிக் கட்டணம். வழியில் கரைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க நேர்ந்தால் செலவு மிகப் பெரியது. அதையும் சேர்த்துக் காக்கும் காப்பீட்டை எடுங்கள்.

நோரோவைரஸ் என்னும் வயிற்றுக் கிருமி கப்பலில் சீக்கிரம் பரவும். வாசலில் வைத்திருக்கும் ஆல்கஹால் திரவம் அதை அவ்வளவாகக் கொல்லாது. சோப்புப் போட்டு இருபது நொடி கழுவுவதுதான் பாதுகாப்பு. மாடிப்படிக் கைப்பிடி, மின்தூக்கிப் பொத்தான், விளையாட்டுச் சாமான் இவற்றைத் தொட்டுவிட்டு விரலை வாயில் வைப்பது இந்த வயதுதானே.

துறைமுக நாட்களில் பேராசைப்படாதீர்கள். பினாங்கில் கப்பல் ஜார்ஜ் டவுனை ஒட்டியே நிற்கும். காலை இரண்டு மணி நேரம் சுற்றிவிட்டுப் பகல் தூக்கத்துக்குத் திரும்பிவிடலாம். போர்ட் கிளாங்கிலிருந்து கோலாலம்பூர் போய்வரச் சாலையிலேயே இரண்டரை, மூன்று மணி நேரம் ஓடிவிடும். மூன்று வயதுக்குக் கீழே என்றால் நான் வேண்டாம் என்பேன். அன்று மற்றப் பயணிகளெல்லாம் இறங்கிப் போயிருக்க, நீர் விளையாட்டுத் தளம் காலியாகக் கிடக்கும். புக்கெட்டில் பெரிய கப்பல்கள் நங்கூரம் போட்டு நின்று, சிறு படகில் கரைசேர்ப்பதும் உண்டு. தள்ளுவண்டியை மடித்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும். தாய்லாந்து நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி பின்னால். கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடினால், கைப்பேசி தானே மாறி, இன்னும் ஒரு மணி நேரம் இருப்பதாகக் காட்டும். கப்பல் காத்திருக்காது. கப்பலின் நேரம் வைத்த கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொள்ளுங்கள்.

இந்தியாவிலிருந்து வருபவர்களுக்கு ஒன்று. கைக்குழந்தைக்கும் தனிக் கடவுச்சீட்டு, தனி விசா. கப்பல் மலேசியா போய்த் திரும்பினால் சிங்கப்பூருக்குள் இரண்டாம் முறை நுழைவதாகக் கணக்கு. பல நுழைவு விசா இருக்கிறதா பாருங்கள். அப்பா அல்லது அம்மா மட்டும் கூட்டிப்போனால் மற்றவரின் சம்மதக் கடிதம் கையில் இருக்கட்டும்.

இறங்குவதற்கு முந்தின இரவு பெட்டிகளை வாசலில் வைக்கச் சொல்வார்கள். நள்ளிரவுக்குள் எடுத்துப் போய்விடுவார்கள், காலையில் முனையத்தில்தான் பார்க்கலாம். அவசரத்தில் எல்லாவற்றையும் கட்டிவிட்டு, காலையில் பிள்ளைக்குப் போட டயப்பரும் செருப்பும் இல்லாமல் நிற்பவர்கள் பலர். மறுநாள் உடை, பால், மருந்து, நான்கு டயப்பர், கடவுச்சீட்டுகள் ஆகியவற்றைத் தோள்பையில் தனியாக எடுத்து வைத்த பிறகே பெட்டியைப் பூட்டுங்கள். பயணத்தில் தூங்கி விழிக்கும் நேரம் ஒழுங்காகிவிட்ட பிள்ளைக்கு, அன்று காலை நீளமான வரிசையில் நிற்பது சிரமம். இறங்கும் நேரத்தைத் தேர்ந்தெடுக்க விட்டால், காலை உணவு முடிந்து ஒரு மணி நேரம் கழித்து வரும் குழுவைக் கேட்டு வாங்குங்கள்.

நன்றி, வணக்கம்.