‘சைல்ட்’ இல்லை, ‘ஷில்ட்’: ஒரு வீட்டு வாசலில் பிறந்த பெயர்

வணக்கம் மக்களே! நான் இப்போது நிற்பது ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில், யூதர் சந்து அருங்காட்சியகத்துக்குள்ளே. எனக்குப் பின்னால் தெரிகிற கற்சுவர்கள் எல்லாம் பழைய வீடுகளின் அடித்தளங்கள். 1987-இல் வேறொரு கட்டடத்துக்காகத் தோண்டியபோது வெளியே வந்தவை.

நாம் ‘ராத்ஸ்சைல்ட்’ என்கிறோமே, அந்த வங்கிக் குடும்பத்தின் பெயர் பிறந்தது இந்தச் சந்தில்தான். ஆனால் அதில் ‘சைல்ட்’ கிடையாது. ஜெர்மன்காரர்கள் ‘ரோட்ஷில்ட்’ என்பார்கள். ரோட் என்றால் சிவப்பு. ஷில்ட் என்றால் கேடயம், வாசலில் மாட்டும் பலகைக்கும் அதே சொல்தான். தயவுசெய்து இனிமேல் சரியாகச் சொல்லுங்கள். பெயரின் கதை முழுவதும் அந்த ஒரு எழுத்தில் இருக்கிறது.

1462-இல் நகரத்து யூதர்கள் அனைவரும் இங்கேதான் வாழ வேண்டும் என்று உத்தரவு வந்தது. சந்தின் நீளம் சுமார் 330 மீட்டர். இரவில் வாயிற்கதவுகளைப் பூட்டிவிடுவார்கள், ஞாயிற்றுக்கிழமையும் பூட்டுதான். ஜனம் பெருகியது, இடம் பெருகவில்லை. இருந்த வீடுகளையே பிரித்துப் பிரித்துக் குடியிருந்தார்கள். இந்தச் சுவர்களுக்கு நடுவே நின்று பார்த்தால் நெஞ்சு அடைக்கிறது.

கதவிலக்கம் இல்லாத காலம் அது. அதனால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அடையாளம். கப்பல் வீட்டுக்காரர் ‘ஷிஃப்’, கழுகு வீட்டுக்காரர் ‘ஆட்லர்’. இறந்தவரின் கல்லறையிலும் அவர் வீட்டு அடையாளத்தைச் செதுக்கினார்கள். பக்கத்து இடுகாட்டில் அப்படிப்பட்ட கற்கள் இருக்கின்றன.

அப்படித்தான் 1560-களில் ஐசக் எல்கானன் என்பவருடைய வீடு ‘சிவப்புக் கேடயம்’ ஆனது. அவருடைய சந்ததி பிற்பாடு அதே சந்தில் வேறு வீட்டுக்குக் குடிபோனது, பெயர் மட்டும் கூடவே போனது. அந்த வழியில் 1744-இல் பிறந்த மயர் அம்ஷெல்தான் வங்கித் தொழிலைத் தொடங்கியவர். ஐந்து மகன்களும் ஃபிராங்க்ஃபர்ட், லண்டன், பாரிஸ், வியன்னா, நேப்பிள்ஸ் என்று பரவினார்கள்.

இன்னொன்று சொல்லியாக வேண்டும். கருந்துளை பற்றிப் படித்தவர்களுக்கு அதன் எல்லையைக் குறிக்கும் ‘ஷ்வார்ட்ஷில்ட் ஆரம்’ தெரியும். 1873-இல் இதே ஊரில் பிறந்த வானியலாளர் கார்ல் ஷ்வார்ட்ஷில்டின் பெயர் அது. அதற்கு அர்த்தம் ‘கறுப்புக் கேடயம்’!

சரி, மயர் அம்ஷெலிடம் வருவோம். கையில் பணம் சேர்ந்ததும் அவர் வாங்கியதும் இதே சந்தில் ஒரு வீடுதான். அதன் பெயர் ‘பச்சைக் கேடயம்’. 1812-இல் அவர் காலமானார். பிள்ளைகள் மாளிகைகளில் வாழ்ந்தார்கள். மனைவி குட்லே மட்டும் கடைசிவரை அந்த வீட்டை விட்டு நகரவில்லை. 1849-இல், தம் 95-ஆவது வயதில் இறக்கும்வரை அங்கேயே இருந்தார்.